லேப் ரிப்போர்ட்டில் என்.ஏ.பி.எல். முத்திரை: அது எதற்குச் சான்று, எதற்கு இல்லை

சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் சேகோ பேக்டரி நடத்துபவர்களிடம் பேசினால் இந்தப் புகார் ஒருமுறையாவது காதில் விழும்: “ஒரே மூட்டையில எடுத்த ஜவ்வரிசி. ஒரு லேப் ஈரப்பதம் 11.9ங்குது, இன்னொரு லேப் 12.2ங்குது. ரெண்டும் என்.ஏ.பி.எல். லேப்தான். அப்புறம் எதுக்கு அந்த முத்திரை?” என்.ஏ.பி.எல். என்பது லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம், ரிப்போர்ட்டில் இருப்பது அதன் முத்திரை. வாங்குபவரோடு பேசிய ஒப்பந்தத்தில் 12 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருந்துவிட்டால் பேச்சு சூடாகிவிடும். கடைசியில் யாரோ காசு வாங்கிவிட்டார்கள் என்பதில்தான் போய் நிற்கும்.

இதற்கு நேர்மாறான பேச்சும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போட்டு, “என்.ஏ.பி.எல். லேப்ல பார்த்தாச்சு, நம்ம போர் தண்ணி சுத்தம்” என்று எழுதுவார். அதோடு பேச்சு முடிந்துவிடும். முதல் ஆளுக்கு முத்திரைமேல் நம்பிக்கையே இல்லை, இரண்டாம் ஆளுக்கு முத்திரை ஒன்றே போதும். இருவருமே அதை லேபுக்குக் கொடுத்த பொதுவான நற்சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

எந்த வண்டிக்கு லைசென்ஸ்?

சங்ககிரியில் லாரி வைத்திருப்பவர் புது டிரைவரைச் சேர்க்கும்போது “லைசென்ஸ் இருக்கா?” என்று கேட்பதோடு விடமாட்டார். அட்டையை வாங்கிப் பார்ப்பார். டூவீலருக்கா, காருக்கா, கனரக வண்டிக்கா என்பது அதில் இருக்கும். டூவீலர் லைசென்ஸ் வைத்திருப்பவரும் லைசென்ஸ் உள்ளவர்தான். அதற்காக ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் காபி மூட்டை ஏற்றிய லாரியை அவர் கையில் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

லேபுக்கும் அப்படித்தான். இந்தியாவில் சோதனைக் கூடங்களின் திறமையை ஆராய்ந்து அங்கீகாரம் தருவது என்.ஏ.பி.எல்., அதாவது சோதனை மற்றும் அளவுத்திருத்த ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம். இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் இயங்குகிறது, தலைமையகம் குருகிராமில். இந்த வாரியம் தரும் சான்றிதழோடு ஒரு பட்டியலும் சேர்ந்து வரும். லேப்காரர்கள் அதை ‘ஸ்கோப்’ என்பார்கள். எந்தப் பொருள், அதில் என்ன அளவிடப்படுகிறது, எந்த முறைப்படி, எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை என்று வரிவரியாக இருக்கும். குடிநீரில் ஃப்ளூரைடு பார்க்க ஒரு வரி, கடினத்தன்மைக்கு இன்னொரு வரி. பூச்சிமருந்து எச்சத்துக்கு வரி இல்லையென்றால் அந்தச் சோதனைக்கு அங்கீகாரம் இல்லை. லேபின் வாசலில் எவ்வளவு பெரிய பலகை இருந்தாலும் இல்லைதான்.

ஆக, அங்கீகாரம் ஒட்டிக்கொண்டிருப்பது ஒவ்வொரு சோதனையோடு. ஜவ்வரிசியின் ஈரப்பதத்துக்கு அங்கீகாரம் பெற்ற லேப், அதே ஜவ்வரிசியில் சல்பர் டை ஆக்சைடு பார்த்துத் தரும் எண்ணுக்கு அதைக் காட்டிக்கொள்ள முடியாது, அந்த வரியும் ஸ்கோப்பில் இருந்தால் ஒழிய. என்.ஏ.பி.எல். இணையதளத்தில் லேபின் பெயரைப் போட்டுத் தேடினால் ஸ்கோப் முழுவதையும் யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். பார்ப்பவர்கள்தான் குறைவு.

“எங்க லேப் ஐ.எஸ்.ஓ. 9001” என்று சிலர் சொல்வார்கள். அது ஒரு நிறுவனத்தின் வேலைமுறை ஒழுங்காக இருக்கிறது என்பதற்கான தரச்சான்று. லாரி கம்பெனி ஆபீஸில் டிரிப் ஷீட்டும் டீசல் கணக்கும் சரியாக இருக்கின்றன என்பதைப் போல. டிரைவருக்கு ஓட்டத் தெரியுமா என்பது தனிக் கேள்வி. லேபுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் தரநூல் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025. 1999-இல் முதலில் வந்தது, 2005-இல் திருத்தினார்கள், இப்போது நடப்பில் இருப்பது 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு. என்.ஏ.பி.எல். சோதனைக் கூடங்களை உரசிப் பார்ப்பது இதை வைத்துத்தான்.

ஓர் எண் எப்படிப் பிறக்கிறது

ஜவ்வரிசியின் ஈரப்பதத்தையே எடுத்துக்கொள்வோம். கேட்பதற்கு இதைவிட எளிய சோதனை இல்லை. மாதிரியை எடைபோட்டு, சூடாக்கி நீரை விரட்டி, மறுபடி எடைபோட வேண்டும். குறைந்த எடைதான் ஈரம். 5.000 கிராம் வைத்து 0.602 கிராம் குறைந்தால் ஈரப்பதம் 12.04 சதவீதம். பள்ளிக்கூடக் கணக்கு.

மேஜை அருகே போய் நின்று பார்த்தால் அத்தனை எளிதாகத் தெரியாது. காலி உலோகக் கிண்ணத்தையே முதலில் காயவைத்து ஆறவைக்க வேண்டும். வெளியில் வைத்து ஆறவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்ட டெசிக்கேட்டர் என்ற மூடிய கண்ணாடிப் பாத்திரத்துக்குள் வைத்து ஆறவைப்பார்கள். முழு உருண்டையை அப்படியே ஓவனில் வைத்தால் மேல்தோல் காய்ந்துவிடும், நடுவில் உள்ள ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அரைத்து வைத்தால் அரைக்கும் சூட்டிலேயே கொஞ்சம் ஈரம் பறந்துவிடும். ஓவன் 105 டிகிரியிலா 130 டிகிரியிலா, எத்தனை மணி நேரம், ஓவனின் பின்மூலையிலும் கதவோரத்திலும் ஒரே சூடு இருக்கிறதா? எடை இனிக் குறையாது என்று தெரியும்வரை காயவைத்து எடைபோட்டு, மறுபடி காயவைத்து எடைபோட்டார்களா? மாதிரி வந்த பாக்கெட் இறுக மூடியிருந்ததா, ஸ்டேப்ளர் பின் குத்தியிருந்ததா? பின் குத்தியிருந்தால் ஓட்டை வழியாக ஈரம் போகும், வரும். பனி இறங்கும் நாளில் ஏற்காட்டில் கட்டிய பாக்கெட்டும் சித்திரை வெயிலில் செவ்வாய்ப்பேட்டையில் கட்டிய பாக்கெட்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

இதில் ஒவ்வொரு இடமும் எண்ணைக் கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளும். யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை, எல்லோரும் நேர்மையாக இருந்தாலே தள்ளும். தர மேலாண்மை என்ற பெரிய பெயரில் நடப்பது, இந்தத் தள்ளல்களைத் தேடிப் பிடித்து, கட்டுக்குள் வைத்து, மீதம் எவ்வளவு என்று எழுதிவைக்கும் வேலை.

மீதமுள்ள ஐயத்துக்கும் ஓர் அளவு

அந்த மீதத்துக்குத்தான் அளவீட்டு நிச்சயமின்மை என்று பெயர். ரிப்போர்ட்டில் 11.9 ± 0.3 என்று இருந்தால், உண்மையான மதிப்பு 11.6-க்கும் 12.2-க்கும் நடுவில் இருக்கும் என்று சுமார் 95 சதவீத நம்பிக்கையோடு லேப் சொல்கிறது என்று பொருள். பெயரைப் பார்த்துவிட்டு இது லேபின் பலவீனம் என்று நினைப்பவர்கள் பலர். என் கணக்கில் ± போடத் தெரிந்த லேப்தான் தன் வேலையை அறிந்த லேப். எதுவும் போடாமல் 11.9 என்று மட்டும் தருபவரிடமும் அந்த ஐயம் இருக்கத்தான் செய்கிறது. எவ்வளவு என்பதை நாம் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

இப்போது முதலில் சொன்ன சண்டைக்கு வருவோம். ஒரு லேபின் எண் 11.9 ± 0.3, மற்றதன் எண் 12.2 ± 0.3. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.3. இரண்டு ஐயங்களையும் கணக்குப்படி (வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து) சேர்த்தால் 0.42 வரும். வித்தியாசம் அதற்குள் அடங்கிவிட்டது. அதாவது இந்த இரண்டு லேபும் ஒன்றுக்கொன்று முரண்படவே இல்லை. காசு வாங்கியதாகச் சொல்லப்பட்ட ஆளைத் தேடிப் பயனில்லை.

சரி, அப்போது சரக்கு பாஸா, ஃபெயிலா? அதற்குத் தீர்மான விதி என்று ஒன்றை முன்பே பேசிவைக்க வேண்டும். ஐயத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எல்லையோடு ஒப்பிடுவது ஒரு விதி. அதன்படி 11.9 பாஸ், 12.2 ஃபெயில். எல்லையிலிருந்து ஐயத்தைக் கழித்து, 11.7-க்குள் இருந்தால்தான் பாஸ் என்பது வாங்குபவருக்குப் பாதுகாப்பான இன்னொரு விதி. அதன்படி இரண்டும் பாஸ் ஆகாது. சரக்கு ஒன்றுதான், எண்களும் அவையேதான், ஆனால் தீர்ப்பு வேறாகிறது. “பாஸ்”, “தகுதியுள்ளது” என்று எழுதித் தரச் சொன்னால், எந்த விதிப்படி என்பதை வாடிக்கையாளரோடு பேசி முடிவு செய்ய வேண்டும் என்று 17025 சொல்கிறது. ஒப்பந்தத்தில் விலையைப் பைசா கணக்கில் பேசுபவர்கள் இந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள், லாரி லோடு இறக்கிய பிறகு சண்டை போடுகிறார்கள்.

தேடும் பொருளின் அளவு குறையக் குறைய லேபுகளுக்கு இடையிலான வித்தியாசம் பெரிதாகும். அமெரிக்க வேதியியலாளர் வில்லியம் ஹார்விட்ஸ் ஏராளமான லேபுகளின் முடிவுகளை ஒப்பிட்டு 1980-இல் காட்டியது இது: பொருளின் அளவு நூறில் ஒரு பங்காகக் குறையும்போதெல்லாம் லேபுகளுக்கு இடையிலான சிதறல் சுமார் இரண்டு மடங்காகிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் அது 16 சதவீதத்தைத் தொடும். 1820-களிலேயே காபிச் செடி வந்துவிட்ட ஏற்காட்டிலிருந்து காபி ஏற்றுமதி செய்ய நினைப்பவருக்கு இது வெறும் தகவல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் வறுத்த காபிக் கொட்டையில் ஆக்ரடாக்சின் ஏ என்ற பூஞ்சை நஞ்சுக்கு வைத்திருக்கும் எல்லை, ஒரு கிலோவுக்கு 3 மைக்ரோகிராம். நூறு கோடியில் மூன்று பங்கு. அந்த இடத்தில் ± என்னவென்று கேட்காமல் ரிப்போர்ட் வாங்குவது வீண்செலவு.

தராசின் வம்சாவளி

5.000 கிராம் என்று தராசு காட்டுகிறது. அது உண்மையிலேயே 5 கிராம்தானா? எடைக்கற்களை வைத்துத் தராசைச் சரிபார்ப்பார்கள். தெரிந்த அளவோடு ஒப்பிட்டு, கருவி எவ்வளவு விலகிக் காட்டுகிறது என்று கண்டறியும் இந்த வேலைதான் அளவுத்திருத்தம், லேபில் ‘காலிபிரேஷன்’. அந்த எடைக்கற்களை அவற்றைவிடத் துல்லியமான கற்களோடு இன்னொரு லேப் ஒப்பிட்டிருக்கும். அந்த லேபின் கற்களுக்கும் மேலே ஒன்று உண்டு. இப்படியே ஏறிப் போனால் புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் நிற்கும். உலகக் கிலோகிராம் கட்டியின் இந்தியப் பிரதி, எண் 57, அங்கேதான் இருக்கிறது. 2019 மே 20 முதல் உலகக் கிலோகிராமே அந்த உலோகக் கட்டியை விட்டுவிட்டு, இயற்பியலில் மாறாத ஓர் எண்ணான பிளாங்க் மாறிலியின் மேல் உட்கார்ந்துவிட்டது. அதனால் சேலத்துத் தராசுக்கு அன்றாடத்தில் எதுவும் மாறவில்லை, சங்கிலியின் மேல்முனை மட்டும் உறுதியானது.

ஒவ்வொரு கண்ணியிலும் சான்றும் ஐயத்தின் அளவும் எழுத்தில் இருக்கும் இந்தச் சங்கிலியை ‘ட்ரேசபிலிட்டி’ என்பார்கள். ரசாயனச் சோதனையில் எடைக்கல்லின் இடத்தில் சான்றுபெற்ற மேற்கோள் பொருள் இருக்கும். இவ்வளவு ஃப்ளூரைடு இருக்கிறது என்று உறுதிசெய்து புட்டியில் அடைத்து வரும் கரைசல் போன்றது அது.

இதுவரை மூன்று விஷயம் பார்த்தோம். அங்கீகாரம் சோதனை வாரியாகத்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் ஐயம் உண்டு. அந்த எண்ணின் வேர் தேசிய அளவு வரை போக வேண்டும். இவையெல்லாம் இருந்தும் நேற்று சரியாக இருந்த ஓவன் இன்று கெடலாம் அல்லவா?

தினமும் தன்னையே சந்தேகப்படுவது

நல்ல லேபில் வாடிக்கையாளரின் மாதிரிகளோடு, விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதிரியும் ஓவனுக்குள் போகும். அதன் விடையைத் தினமும் ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைப்பார்கள். நடுக்கோடு சராசரி. இருபுறமும் எச்சரிக்கைக் கோடும் அதற்கு வெளியே நிறுத்தக் கோடும் இருக்கும். நிறுத்தக் கோட்டைத் தாண்டினால் அன்றைய ரிப்போர்ட் எதுவும் வெளியே போகாது.

எனக்கு இந்த வரைபடத்தில் பிடித்த இடம், கோட்டைத் தாண்டாத புள்ளிகள்தான். ஏழு நாள் தொடர்ந்து புள்ளிகள் நடுக்கோட்டுக்கு மேலேயே விழுந்தால், ஒவ்வொன்றும் எல்லைக்குள் இருந்தாலும், எதுவோ நகர்ந்திருக்கிறது என்று லேப் எடுத்துக்கொள்ளும். ஓவனின் வெப்ப உணரி இரண்டு டிகிரி தள்ளிக் காட்டுகிறதோ, சிலிகா ஜெல் நீலம் மாறி வெளிறிவிட்டதை யாரும் கவனிக்கவில்லையோ என்று தேடுவார்கள். தவறு நடப்பதற்கு முன்பே வாசம் பிடிக்கும் வேலை.

வீட்டுக்குள் பார்த்தால் மட்டும் போதாது என்று வெளியிலிருந்தும் ஒரு சோதனை வைக்கிறார்கள். ஓர் அமைப்பு ஒரே மாவை நன்றாகக் கலந்து பல லேபுகளுக்கு அனுப்பும். விடை யாருக்கும் தெரியாது. இதற்குத் திறனறி சோதனை என்று பெயர், சுருக்கமாக ‘பி.டி.’. முடிவு இசட் மதிப்பாக வரும். ஏற்ற விடை 12.0, எதிர்பார்க்கும் சிதறல் 0.2 என்று வைத்துக்கொண்டால், 12.5 என்று எழுதிய லேபுக்கு 0.5-ஐ 0.2-ஆல் வகுத்து 2.5. இரண்டுக்குள் இருந்தால் திருப்தி, இரண்டிலிருந்து மூன்று வரை கேள்விக்குரியது, மூன்று தொட்டால் தோல்வி. எங்கே தவறு என்று லேப் தேடி எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆய்வாளர்கள் வரும் நாள்

என்.ஏ.பி.எல். அனுப்பும் மதிப்பீட்டாளர்கள் அந்தந்தத் துறையில் வேலை செய்தவர்கள். கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. சோதனையைத் தங்கள் கண்முன் செய்து காட்டச் சொல்வார்கள். பழைய ரிப்போர்ட் ஒன்றைக் கையில் எடுத்துப் பின்னோக்கி நடப்பார்கள்: இந்த மாதிரி எந்தத் தேதியில் வந்தது, யார் வாங்கியது, எந்தத் தராசு, அன்று அந்தத் தராசுக்குக் காலிபிரேஷன் செல்லுபடியா, இந்தச் சோதனையைச் செய்ய இந்தப் பெண்ணுக்கு அனுமதி எப்போது எழுதிக் கொடுத்தீர்கள், எழுதிய எண்ணை அடித்துத் திருத்தியிருக்கிறதே, யார் கையொப்பம்?

இடைவெளி கண்டால் ‘என்.சி.’ என்று எழுதுவார்கள், நெறி பிறழ்ந்த இடம் என்று பொருள். லேப் அதன் மூலகாரணத்தைக் கண்டு சரிசெய்ய வேண்டும். “ஊழியர் கவனக்குறைவு, எச்சரிக்கப்பட்டார்” என்று எழுதி முடிக்கப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது காரணமே இல்லை. கவனம் தவறினாலும் பிழை வெளியே போகாதபடி ஏன் வழி செய்யவில்லை என்பதுதான் கேள்வி.

அயல்நாட்டுக்காரர் ஏன் இதை ஏற்கிறார் என்று கேட்கலாம். அங்கீகாரம் தரும் அமைப்புகளையும் அவற்றின் சக அமைப்புகள் சோதிக்கின்றன. ஐலாக் என்ற உலகக் கூட்டமைப்பின் பரஸ்பர ஏற்பு ஒப்பந்தம் 2000-இல் உருவானது. என்.ஏ.பி.எல்.-உம் அதில் ஒப்பமிட்டிருக்கிறது. அதனால் இங்கே எடுத்த மிளகின் ரிப்போர்ட்டை அங்கே முதலிலிருந்து சந்தேகப்பட வேண்டியதில்லை.

முத்திரை எட்டாத இடங்கள்

முதல் இடம் மாதிரி எடுப்பது. மாதிரியை நீங்களே எடுத்துப்போய்க் கொடுத்தால், ரிப்போர்ட்டின் கீழே ஒரு வரி இருக்கும்: முடிவுகள் சோதிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். யாரும் படிக்காத வரி. குளிர்பானப் பாட்டிலைக் கழுவி அதில் போர் தண்ணீரைப் பிடித்து, மாலைவரை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்திருந்து கொண்டுபோனால், லேப் எத்தனை கவனமாகக் கிருமியைத் தேடினாலும் அந்தப் பாட்டிலின் கதையைத்தான் சொல்லும். கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கிய பாட்டிலை லேபிலிருந்தே வாங்க வேண்டும். குளோரின் கலந்த நீரென்றால் அதை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் அந்தப் பாட்டிலுக்குள் இருக்க வேண்டும். பனிக்கட்டியில் வைத்து, அன்றே சேர்த்துவிடுவது நல்லது. ஜவ்வரிசியிலும் மேல்மூட்டையில் ஒரு கைப்பிடி அள்ளினால் அது அந்தக் கைப்பிடியின் ஈரப்பதம், லோடினுடையது இல்லை.

அடுத்தது சட்டம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாதிரி எடுத்தால் நான்கு பாகமாகப் பிரிப்பார். ஒரு பாகம் அரசு உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு பாகம் நியமன அலுவலரிடம், நான்காவது வியாபாரி கேட்டால் அங்கீகாரம் பெற்ற லேபுக்கு. பலருக்கு இந்த நான்காம் பாகத்தைக் கேட்கும் உரிமை இருப்பதே தெரியாது. பிறகு தானே ஒரு பாக்கெட்டைத் தனியார் லேபில் கொடுத்து வாங்கிய ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு போனால், அது வேறு மாதிரி என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம். இன்னொன்று, என்.ஏ.பி.எல். அங்கீகாரமும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-இன் அறிவிக்கையும் ஒன்றல்ல. சட்டப்படியான சோதனைக்கு இரண்டாவதும் வேண்டும்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் முத்திரைக்கு அருகில் டி.சி. என்று தொடங்கும் சான்றிதழ் எண்ணையும், யு.எல்.ஆர். என்ற தனி எண்ணையும் பாருங்கள். சான்றிதழ் அந்தத் தேதியில் நடப்பில் இருந்ததா, உங்களுக்கு வேண்டிய வரி ஸ்கோப்பில் உள்ளதா என்று இணையத்தில் ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். ஸ்கோப்புக்கு வெளியே உள்ள சோதனையை லேப் அப்படியென்று காட்டியிருக்க வேண்டும் அல்லது தனி ரிப்போர்ட்டாகத் தந்திருக்க வேண்டும்.

எண்ணில் நம்பிக்கை வரவில்லையென்றால் சத்தம் போட வேண்டியதில்லை, எழுத்தில் புகார் கொடுங்கள். புகாரை வாங்கிக் கையாளும் முறை ஒன்றை ஒவ்வொரு லேபும் வைத்திருக்க வேண்டும் என்பது 17025-இன் கட்டளை. கேட்டால் அந்த முறையை உங்களுக்குக் காட்டவும் வேண்டும். மீதி மாதிரி இருந்தால் மறுசோதனை கேட்கலாம், நிச்சயமின்மை எவ்வளவு என்று கேட்கலாம். புகாரின் முடிவை, அந்தச் சோதனையில் கை வைக்காத ஒருவர்தான் எடுக்கவோ சரிபார்க்கவோ வேண்டும். பதில் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.